பங்கு போட்ட மழை

வெள்ளகோவிலில் மழை பெய்தால், வேறு ஏதோ ஊருக்குப் போகிற வழியில் கைதவறிக் கொட்டிவிட்டுப் போயிற்று என்றுதான் எங்கள் ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அப்படிப்பட்ட ஊரில், பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கிற ஒரு முற்பகலில், வானத்தில் கைக்குட்டை அளவு மேகம்கூட இல்லாதபோது, மாடியில் பாப்பாவின் துணிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்த என் மேல், என் மேல் மட்டும், மழை பெய்யத் தொடங்கியது. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த்தொட்டி நிரம்பி வழிகிறது என்று நினைத்து நகர்ந்தேன், மழையும் நகர்ந்தது. படியிறங்கினேன், அதுவும் இறங்கியது. கூரையை நனைக்காமல் கூரைக்குக் கீழே பெய்து, சமையலறையில் அடுப்பை அணைத்து, கூடத்தில் பாயை ஊறவைத்து, நான் இரண்டு கைகளையும் நீட்டினால் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்துக்கு வட்டமாகப் பெய்துகொண்டே இருந்தது. நூல் மில்லில் ஷிப்டு முடிந்து வந்த என் வீட்டுக்காரர் பூபதி வாசலில் நின்று பார்த்தார், கேஸை மூடினார், வாளியும் பழந்துணியும் எடுத்துவந்தார், "எப்பத்துல இருந்து?" என்று மட்டும் கேட்டார்.

அவர் கேட்டதை நான் உதட்டில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கோகிலவாணி என்று பெயர் வைத்து, மொட்டையடித்து, காதும் குத்தி முடித்த பிறகுதான் எனக்குக் காது கேட்காது என்பதை என் வீட்டில் கண்டுபிடித்தார்கள். கரூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அங்கே உதட்டைப் பார்க்கவும் வாயால் பேசவும் கற்றுக்கொடுத்தார்கள், கையால் பேசினால் கையைக் கட்டி நிற்கவைத்தார்கள், அதனால் பிள்ளைகள் நாங்கள் கைப்பேச்சை மேசைக்கு அடியில் திருட்டுத்தனமாகக் கற்றுக்கொண்டோம். என் பேச்சு நாலு பேருக்குப் புரிகிற மாதிரி அமைந்துவிட்டதில் அம்மாவுக்குத் தலைகால் புரியாத பெருமை. காது கேட்கிற மாப்பிள்ளையாகப் பார்த்துக் கட்டிக்கொடுத்தார். நானும் காது கேட்கிறவள் மாதிரியே நடமாடப் பழகிக்கொண்டேன், அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது.

மழை விஷயத்துக்கு வருகிறேன். ஊர் அதற்கு இரண்டே நாளில் பழகிவிட்டது. ஏன் பெய்கிறது, எப்படிப் பெய்கிறது என்று கேட்டு யாரும் நேரத்தை வீணாக்கவில்லை, ஏனென்றால் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்து வெகுநாளாகியிருந்தது. பெண்கள் குடங்களோடு வந்தார்கள், வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்து, சுற்றிலும் பச்சைக்குடம் சிவப்புக்குடம் நீலக்குடம் என்று அடுக்கினார்கள், "அம்மிணி, இந்தப் பக்கம் சித்த சாஞ்சுக்க, என்ற குடம் இன்னும் ரொம்பலை" என்றார்கள். முருங்கைத் தோட்டக்காரர் ஒருவர் நல்ல நாள் பார்த்து வந்து, தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டும், காரும் அனுப்புகிறேன், டிபனும் வாங்கித் தருகிறேன் என்று கேட்டார். கல்யாண வீட்டுக்காரர்கள் பத்திரிகை கொடுத்துவிட்டு, "வரலைன்னாலும் நாங்க ஒன்னும் நெனச்சுக்க மாட்டோமுங்க" என்றார்கள். டவுன் பஸ் கண்டக்டர் பின்படிக்கட்டை எனக்கென்று ஒதுக்கினார், ரேஷன் கடைக்காரர் அரிசி மூட்டைகளை உள்ளே தள்ளி வைத்துவிட்டு என்னை வரிசையில் முதலில் கூப்பிட்டு அனுப்பினார். குடை பிடித்தால் குடைக்குக் கீழே பெய்தது. யாரும் கெட்டவர்கள் இல்லை, யாரும் என்னை ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. ஆனால் குடம் வைக்க வந்தவர்கள் ஒருவர் மேலும் ஒரு துளி விழவில்லை. அவர்கள் குனியும்போது மழை ஒரு விரற்கடை விலகி அவர்களைச் சுற்றிக்கொண்டு போனது. பூபதி ஒருநாள் ஆத்திரம் தாங்காமல் என்னை இறுகக் கட்டிக்கொண்டு நின்றார், நின்றவரின் சட்டை இஸ்திரி கலையாமல் காய்ந்து கிடந்தது, அதைப் பார்த்து அவர் அழுதார்.

ஊர் பழகிக்கொண்டது, பாப்பாவால் முடியவில்லை. அவளுக்கு அப்போது மூன்று மாதம். முதல் நாள் தெரியாமல் அவளைத் தூக்கிவிட்டேன், என் உடம்போடு ஒட்டியிருந்தவளை மழை நானாகவே எண்ணிவிட்டதோ என்னவோ, மூக்கிலும் வாயிலும் தண்ணீர் போய்க் குழந்தை திணறிப்போனாள். அதிலிருந்து நான் அவளைத் தொடவில்லை. அதற்கு முன்னால், இரவில் அவள் அழுதால் எனக்குத் தெரியவேண்டுமே என்று, அவள் மார்பில் என் கையை வைத்தபடிதான் தூங்குவேன். அழுகை தொண்டைக்கு வருவதற்குள் என் உள்ளங்கைக்கு வந்துவிடும், நான் விழித்துக்கொள்வேன். இப்போது தொட்டில் கூடத்தின் ஒரு மூலையில், நான் எதிர்மூலையில். பால் பீச்சிக் கொடுத்தால் பூபதி புட்டியில் ஊற்றிப் புகட்டினார். குழந்தையின் வாய் அகலத் திறந்து முகம் சிவப்பதைக் கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து பார்த்துக்கொண்டு, சேலை தரையில் சொட்டச் சொட்ட நிற்பேன். ஈரக்காற்றில் அவளுக்குச் சளி பிடித்தது, பிறகு காய்ச்சல் வந்தது, ஈரமில்லாத இடத்தில் வைத்திருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் என் மாமனார் நாச்சிமுத்து முடிவெடுத்தார். அவர் மைக் செட் வைத்திருப்பவர். இந்தச் சுற்றுவட்டாரத்தில் கோயில் நோம்பி, சீர், கட்சிக்கூட்டம் எதுவானாலும் மரத்தின் உச்சியில் கட்டியிருக்கும் குழாய் ஸ்பீக்கர் அவருடையதுதான். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார், அடுத்தவர் வாய் திறப்பதற்குள் அதற்கான பதிலையும் அவரே சொல்லிவிடுவார். மழை தொடங்கியதிலிருந்து மைக் செட் நனைந்துவிடும் என்று என் பக்கமே வராதவர், அன்றும் வாசல்படியில் நின்றுகொண்டு சொன்னார்:

"வெள்ளிக்கெழம நாள் நல்லாருக்குது. வேன் கொண்டாரேன். பாப்பாவப் பொள்ளாச்சியில என்ற மகளூட்டுல உட்டுர்றோம். அது அங்கயே வளரட்டும். மழ நின்னாலும் அங்கயே இருக்கட்டும் அம்மிணி. பேச்சுச் சத்தம் கேக்கற ஊட்லதான் புள்ள வளரோணும். பூபதி மில்லுக்குப் போயிட்டான்னா இங்க புள்ள கத்துனா யாருக்குக் கேக்குது?"

பூபதி எதிர்த்துப் பேசினார், மாமா அதன் மேலேயே பேசிக்கொண்டு போனார். அவர் கேட்டதில் பாதி நியாயம் என்று எனக்கே பட்டது, அதுதான் என்னை உள்ளே அரித்தது.

இனி, நான் இதுவரை சொல்லாமல் வைத்திருந்த ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் உயரக் கம்பத்தில் பெரிய விளக்கு ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்தால் அதன் அடியில் ஆறு பேர் வட்டமாக நிற்பார்கள். காது கேளாதவர்களுக்கு வெளிச்சம் இல்லாவிட்டால் பேச்சு இல்லை, வட்டமாக நிற்காவிட்டால் ஒருவர் கை ஒருவருக்குத் தெரியாது, அதனால் அந்த விளக்கு, அதனால் அந்த வட்டம். திருப்பூர் பனியன் கம்பெனியில் தைக்கிற எஸ்தர், பஞ்சர் கடை அப்பாஸ், எண்ணெய் மில்லில் ஒருவர், ஆட்டுச்சந்தையில் ஒருவர் என்று ஒருவருக்கொருவர் ஒரே சாதியில்லை, ஒரே மதமில்லை, கொடுக்கல் வாங்கல் இல்லை. அவர்களுக்குள் இந்தப் பெயர்களும் இல்லை. எஸ்தருக்குக் கன்னத்தில் மச்சம், ஆகவே கன்னத்தில் விரலை வைத்தால் அது எஸ்தர், அவள் 'மச்சம்'. அப்பாஸ் நாளெல்லாம் தலைவாருகிறவர், ஆகவே அவர் 'சீப்பு'. போன வருடம் அவர்கள் பஸ் ஸ்டாண்டில் ஒரு பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள்: 'வெள்ளகோவில் வட்டாரக் காது கேளாதோர் சமூகம்'. நானும் மாமாவும் பூபதியும் அதைக் கடந்து போனோம். "சமூகமாமா! அப்ப சக்கர வியாதிக்காரனுக்கு ஒரு சமூகம், வழுக்கத்தலையனுக்கு ஒரு சமூகமா?" என்று மாமா சிரித்தார், நானும் சேர்ந்து சிரித்தேன், அவர்களில் யாரும் என்னை அடையாளம் கண்டுவிடக் கூடாதே என்று சாலையின் மறுபக்கம் போய் நடந்தேன்.

அவர்கள் என்னை எப்போதோ அடையாளம் கண்டிருந்தார்கள். புதன்கிழமை மாலை எங்கள் வீட்டுத் தரை அதிர்ந்தது. காது கேட்கிறவர்கள் கதவைத் தட்டுவார்கள், எங்கள் ஆட்கள் தரையை மிதிப்பார்கள். ஆறு பேரும் சேர்ந்து மிதித்ததில் பக்கத்து வீட்டுக்காரர்கள் நிலநடுக்கம் என்று குழந்தை குட்டிகளோடு தெருவுக்கு வந்துவிட்டார்கள். மச்சம் முன்னால் நின்றாள். கேட்காமல் கொள்ளாமல் நேராக என் மழைக்குள் வந்தாள். அவள் மேல் பெய்தது. அவள் தலையில், தோளில், தைத்துத் தைத்துக் காய்ப்பேறிய விரல்களில் பெய்தது, என் மேல் பெய்தது அந்த அளவுக்குக் குறைந்தது.

நான் பதறிப்போய் அவளைத் தள்ளினேன். "நனையறீங்க, போங்க" என்று வாயால் சொன்னேன்.

அவள் கையால் சொன்னாள்: "நனைஞ்சா காயும். கையால பேசு. உனக்குத் தெரியும், கரூர்ப் பள்ளிக்கூடத்துல மேசைக்கு அடியில யாருக்குத்தான் தெரியாது?"

பிறகு சீப்பு வந்தார், மற்ற நால்வரும் வந்தார்கள், வட்டமாக நின்றார்கள், எழுவர் மேலும் சமமாக மழை பெய்தது. வந்த வேலை கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. பாப்பாவைத் தொட்டிலில் எட்டிப் பார்த்தார்கள், என்ன நடக்கிறது என்று கேட்டார்கள், வெள்ளிக்கிழமை வேன் வருவதைத் தெரிந்துகொண்டார்கள், போய்வருகிறோம் என்றார்கள். அங்கேதான் எங்கள் சனத்தின் வழக்கம் ஒன்று வேலை செய்தது. காது கேட்கிறவர்கள் போய்வருகிறேன் என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள், போனபின் போன் பேசிக்கொள்கிறார்கள். நாங்கள் போய்வருகிறோம் என்று சொன்ன பிறகுதான் பேசவே ஆரம்பிப்போம், ஏனென்றால் கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் பேச்சில்லை என்றே பழகியவர்கள். கூடத்தில் ஒரு போய்வருகிறோம், படியில் ஒன்று, கேட்டில் ஒன்று, தெருவிளக்கின் அடியில் ஒன்று, தெருமுனையில் நின்று கையைத் தலைக்கு மேல் உயர்த்தி ஒன்று. மாமா தெருவில் நின்று, "என்ன, மறியல் பண்றாங்களா?" என்று பூபதியிடம் கேட்டார். கடைசி ஆளின் கை தெருமுனையில் மறைந்த பிறகு நான் திரும்பினேன், பூபதி என் தலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கொட்டுகிற மழை திரும்பி வரவில்லை. என் மேல் தூறல்தான் போட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் மச்சம் வீடியோவில் வந்தாள். தையல் மெஷினைச் சுவரோரமாகத் தனியாக நகர்த்திப் போட்டிருந்தார்கள், துணி நனைந்துவிடும் என்று சூப்பர்வைசர் அப்படிச் செய்துவிட்டாராம், அவள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தூறலில் சிரித்தாள். சீப்பு அவருடைய பஞ்சர் கடையிலிருந்து வந்து, எண்ணெய் போட்டு வாரிய தலை நிமிடத்துக்கு நிமிடம் கலைகிறது, இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது என்று முறையிட்டார். எடுத்துக்கொண்ட பங்கு அவர்களோடேயே போயிருந்தது. வெட்கமாக இருந்தது, யார் முகத்தில் விழிக்கக்கூடாது என்று சாலை தாண்டி நடந்தேனோ அவர்கள் என் மழையில் பங்கு கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். "ஏன் வாங்கிக்கிட்டீங்க? நான் உங்ககூட ஒருநாளும் நின்னதில்லையே" என்று கேட்டேன்.

மச்சம் மெஷினை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரியில நர்ஸ் பேர் கூப்பிடறாங்க, உனக்குக் கேக்குதா? பஸ்ஸு ரூட்டு மாத்திப் போகுதுன்னு கண்டக்டர் கத்தறார், கேக்குதா? தீ பிடிச்சா மணி அடிக்கறாங்க, கேக்குதா? ஊரைக் காது கேக்கறவங்களுக்குன்னு கட்டியிருக்காங்க. தப்பில்ல, அவங்கதான் அதிகம், அவங்களுக்கு ஊரே போதும், அதனால அவங்க தங்களுக்கு ஒரு பேரும் வச்சுக்கறதில்ல. நம்ம தோளைத் தொட்டு, உன் பேர் கூப்பிட்டாங்க, எழுந்திருன்னு சொல்ல ஒரு ஆள் வேணும். அந்த ஆளு யாரா வேணாலும் இருக்கட்டும், எந்தச் சாதியா வேணாலும் இருக்கட்டும், சண்டைக்காரியாவே இருக்கட்டும். சமூகம்னு நாங்க எழுதினது அந்த ஆளைத்தான். பெருமைக்கு எழுதல. ஆள் தேவைன்னு எழுதினோம்."

இவ்வளவையும் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சொன்னாள், ஒற்றைக் கையால் பேசுவது எங்களுக்குப் பாதி வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிற மாதிரி, அப்படியும் ஒரு சொல் எனக்குத் தவறவில்லை.

ஆனால் ஏழில் ஒரு பங்கும் பாப்பாவுக்கு அதிகம்தான். அன்று மத்தியானம் அவளைத் தூக்கிப் பார்த்தேன், சட்டை நனைந்து தும்மினாள், உடனே தொட்டிலில் விட்டேன். மறுநாள் வெள்ளிக்கிழமை. மச்சம் போனைக் கீழே வைக்காமல் ஊர் ஊராகக் கூப்பிட்டாள். திருப்பூர், ஈரோடு, கரூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் என்று காது கேளாதவர்களின் போன்களிலெல்லாம் ஒரே சேதி கைகளில் ஓடியது: பிள்ளைக்காரி ஒருத்தி மேல் மழை பெய்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் பங்கு எடுக்க ஆள் வேண்டும், நேரில் வரவேண்டும். மழை எப்படி ஒருத்தி மேல் பெய்யும் என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லையாம். எந்த பஸ் என்று மட்டும் கேட்டார்களாம்.

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து வந்தார்கள். முதல் பஸ்ஸில் வந்தார்கள், பனியன் கம்பெனி வேனில் வந்தார்கள், மோட்டார் சைக்கிளில் மூன்று பேராக வந்தார்கள். லீவு சொன்னவர்களும் சொல்லாமல் வந்தவர்களும், கைக்குழந்தையோடு வந்தவர்களும், வரும் வழியில் கோபித்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்க்காமலே வந்த ஒரு கணவன் மனைவியும் வந்தார்கள். எங்கள் தெரு நிறைந்து அடுத்த தெருவுக்கு வழிந்தது, அவ்வளவு பேர் கூடியும் ஒரு சத்தமில்லை என்று தெருக்காரர்கள் ஜன்னலில் நின்று ஆச்சரியப்பட்டார்களாம். எனக்கென்னவோ அன்றைக்குத்தான் எங்கள் தெரு முதல்முறையாக இரைச்சலாக இருந்தது, எந்தப் பக்கம் திரும்பினாலும் பேச்சு. குடம் வைத்த பெண்கள் குடங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பெரிய அண்டாவில் உப்புமா கிளறினார்கள். மழை என் தலையிலிருந்து கிளம்பி வட்டம் வட்டமாக விரிந்து, ஒவ்வொருவர் தலையையும் தொட்டு, தூறல் சாரலாகி, சாரல் பனியாகி, வெயிலில் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மெலிந்துபோனது. பூபதி பாப்பாவைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். அவள் நனையவில்லை. நான் நடுத்தெருவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் மூடிக்கொண்டு அவளுக்குப் பால் கொடுத்தேன், அத்தனை பேரும் மரியாதையாக முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள்.

வேன் வந்தது. மாமா வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில், நெற்றி நிறையத் திருநீறோடு இறங்கினார். "நகருங்க! நகருங்கன்னு சொல்றனல்ல!" என்று கத்திக்கொண்டே வந்தாராம், ஊருக்கே மைக் கட்டியவரின் சத்தத்துக்கு அந்தத் தெருவில் ஒருவரும் அசையவில்லை, எதிர்ப்பு ஒன்றுமில்லை, கேட்கவில்லை, அவ்வளவுதான். கடைசியில் அவரும் ஒருவரின் தோளைத் தொட்டார், தொட்டதும் அந்த ஆள் சிரித்த முகத்தோடு வழிவிட்டார், அப்படித் தோள் தோளாகத் தொட்டுக்கொண்டு நடுவுக்கு வந்து சேர்ந்தார்.

"கொண்டா பாப்பாவ. நேரம் போச்சு" என்று கையை நீட்டினார்.

நான் கொடுக்கவில்லை. எழுந்து நின்றேன். அவர் ஓர் அடி முன்னால் வந்து குழந்தையின் அடியில் கையைக் கொடுத்தார். அப்போது அவருடைய கண்ணாடியில் புள்ளி புள்ளியாக ஈரம் பூத்தது. நெற்றித் திருநீறு கரைந்து மூக்கின் வழியாக இறங்கியது. வெள்ளைச் சட்டையின் தோளில் பொடிப்பொடியாக நனைந்தது. அவருக்குப் பக்கத்தில், அரை அடி தள்ளி, அவர் பெற்ற பிள்ளை பூபதி உலர்ந்த சட்டையோடு நின்றுகொண்டிருந்தார்.

தெருவே பார்த்தது. "எவனோ தண்ணி தெளிக்கறான்" என்று மாமா விலகினார், விலகிய இடத்திலும் நனைந்தார். வேன்வரை போனார், வேனுக்குள் ஏறி உட்கார்ந்தார், அவருடைய பங்கு ஜன்னலோரமாக அவர் மடியிலேயே பெய்தது. நான் அவரைப் பார்த்தேன், முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தேன். டிரைவர் முன்னாலிருந்து ஏதோ கேட்கிறார், மாமா அவருடைய உதட்டையே பார்க்கிறார், புரியாமல் சும்மா தலையாட்டுகிறார். நான் பிறந்ததிலிருந்து செய்கிற வேலை அது, ஒரே வீட்டில் வளையவந்தும் அதை நான் அவரிடம் கண்டுபிடிக்கவில்லை.

அவராகவே இறங்கி வந்தார். வரும்போது யாரையும் தொட வேண்டியிருக்கவில்லை, வழி விட்டார்கள். என் முகத்துக்கு நேராக, நான் உதட்டைப் படிக்கத் தோதாக, வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாகப் பேசினார்.

"வெகு வருசமாச்சு அம்மிணி. கொழா ஸ்பீக்கருக்குப் பக்கத்துலயே நின்னு நின்னு போயிருச்சு. மைக் செட்டுக்காரனுக்குக் காது போச்சுன்னா எவன் கூப்புடுவான்? அடுத்தவன் பேசுனா கேக்காதேன்னுதான் நானே பேசிட்டிருந்தேன். மழைக்கு முந்தி ஒருநா நீ மாடியில இருந்தே, பாப்பா தொட்டில்ல கத்திட்டிருந்திருக்குது, நான் பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருக்கேன். எனக்குத் தெரியவே இல்ல. பூபதி வந்துதான் தூக்குனான். பயந்துட்டேன். உனக்கும் கேக்காது, எனக்கும் கேக்காது, புள்ளைக்கு ஒன்னு ஆச்சுன்னா..." அதற்கு மேல் அவருடைய உதடு நடுங்கியதில் எனக்குப் படிக்க முடியவில்லை.

பூபதி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாப்பாவுக்கு இந்தச் சந்தடியில் பால் பாதியில் நின்றுவிட்டதால் முகம் சிவக்க ஆரம்பித்தது. மச்சம் மாமாவின் வலது கையை எடுத்தாள், அனுமதியெல்லாம் கேட்கவில்லை, விரல்களை விரித்தாள், பாப்பாவின் மார்பின் மேல் பதியவைத்தாள். பாப்பா அழுதாள். மாமாவின் கண்கள் அகலமாயின. அந்தக் கை அங்கேயே இருந்தது, அழுகை ஏறும்போது கையும் ஏறி, விக்கும்போது கையும் விக்கி, அடங்கும்போது கையும் அடங்கியது.

"கத்தறா" என்றார் மாமா. "நல்லாக் கத்தறா."

பிறகு பூபதி பிடித்திருந்த தன்னுடைய மறு கையை உருவிக்கொண்டு, பாப்பாவை என் பக்கமாக முழுதாகச் சாய்த்துவிட்டு, டிரைவரைப் பார்த்து நீ கிளம்பு என்று சைகை காட்டினார். அதுதான் அவருடைய முதல் கைப்பேச்சு, அதைச் சரியாகவே செய்தார். வட்டத்தில் எனக்கும் சீப்புக்கும் நடுவில் ஓர் ஆள் இடம் விட்டார்கள், அவர் வந்து நின்றார்.

அன்றைக்குப் போய்வருகிறோம் சொல்லி முடிக்கப் பொழுது போய்விட்டது. பஸ் ஜன்னல்களிலிருந்தெல்லாம் கைகள் பேசிக்கொண்டே போயின. அவரவர் பங்கை அவரவர் கொண்டுபோனார்கள். ஈரோட்டில் ஒருவருக்கு டீ டம்ளரில் ஒரு துளி விழுகிறது, ஒட்டன்சத்திரத்தில் ஒரு பெண்ணுக்குக் கோலம் போடும்போது சரியாக நடுப்புள்ளியில் விழுகிறது, வீடியோ எடுத்து அனுப்பித் திட்டுகிறார்கள், திட்டிவிட்டுப் பாப்பாவைக் காட்டச் சொல்கிறார்கள். பூபதி மேல் இன்றுவரை ஒன்றும் விழவில்லை, அதில் அவருக்கு மனக்குறை உண்டு, ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் தோளில் துண்டோடு எங்களைப் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போவது அவர்தான். நான் அந்த வட்டத்தில் நிற்கிறேன். நன்றி சொல்வதற்கு எங்களிடம் ஒரு கையசைவு இருக்கிறது, அதை நான் அவர்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ, மச்சம் என் கையைப் பிடித்து நிறுத்திவிடுகிறாள், பேச வேறு விஷயமே இல்லையா என்கிறாள். எனக்கு வேறு விஷயம் இல்லைதான். என் பிள்ளை என் மடியில் இருக்கிறாள்.

போன வாரம் மத்தியானம் மாமா கூடத்தில் உட்கார்ந்து கைப்பேச்சு பழகிக்கொண்டிருந்தார், அவருக்கு இன்னும் 'சாப்பிடு' என்பதும் 'கடன் கொடு' என்பதும் ஒன்றாகத்தான் வருகிறது. நான் பாப்பாவுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தேன். ஜன்னல் சாத்தியிருந்தது, விசிறியும் ஓடவில்லை. என் புறங்கையில் ஒரு சிட்டிகை மணல் விழுந்தது. வெள்ளை மணல், உதறினால் ஒட்டுகிற உப்பு மணல், எங்கள் பக்கத்தில் கிடையாது. நிமிர்ந்து பார்த்தேன், மாமா தன் முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவர் மேலும் விழுந்திருந்தது. ஏதோ ஒரு கடற்கரை ஊரில் யாரோ ஒருவர் மேல் மணல் கொட்டுகிறது, இந்தத் தடவை பங்கே எங்களைத் தேடி வந்திருக்கிறது. யார் மேல், எங்கே, ஆணா பெண்ணா, காது கேளாதவரா, வேறு எதுவோ இல்லாதவரா, எங்களுக்குத் தெரியாது. மாமா என்னைப் பார்த்தார், என்ன செய்வது என்று கண்ணால் கேட்டார். நான் சோற்றுத்தட்டைப் பூபதியிடம் கொடுத்துவிட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து, இன்னும் விழட்டும் என்று ஏந்திக்கொண்டேன்.